வன்முறை மிகுந்த உளவாளிப் படம் பதின்பருவப் பிள்ளைக்கு ஏற்றதா: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினான்கு வயதுப் பிள்ளை ஓர் உளவாளிப் படத்தின் பெயரைச் சொல்லி, "கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி" என்று வந்து நிற்கும்போது, பெற்றோராகிய நாம் பெரும்பாலும் இரண்டே கேள்விகளில் முடிவெடுத்துவிடுகிறோம். இரத்தம் அதிகமா? ஆபாசம் இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அனுமதி கிடைக்கிறது, இல்லையென்றால் மறுப்பு. பல ஆண்டுகள் என் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. உளவாளிப் படங்களைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் போதாது என்பதோடு, சில நேரங்களில் தலைகீழான முடிவுக்கும் கொண்டுபோய் விடுகிறது என்பதை மெல்லத்தான் உணர்ந்தேன். ஒரு துளி இரத்தம்கூடத் தெரியாமல் நாற்பது பேரைச் சுட்டு வீழ்த்திவிட்டு, அடுத்த காட்சியில் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்து போகும் நாயகன், ஒரே ஒரு மரணத்தை அதன் வலியோடும் இரத்தத்தோடும் காட்டும் படத்தைவிட அதிகமாகப் பிள்ளையின் மனத்தைக் கெடுக்கக்கூடும்.

ஆகவே இந்த வழிகாட்டி எவ்வளவு வன்முறை என்பதைவிட, அந்த வன்முறை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதையே அதிகம் பேசுகிறது. 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் படத்தைப் பற்றிய குறிப்புகளுக்கு, வலப்பக்கம் உங்கள் பிள்ளையைப் பற்றிய குறிப்புகளுக்கு. இறுதி முடிவு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதிலிருந்தே வர வேண்டும்.

படி 1: வயதுச் சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

முதலில் பார்க்க வேண்டியது படத்திற்குத் தணிக்கை அமைப்பு தந்திருக்கும் வயதுக் குறியீடு. ஆனால் ஒரு நாட்டின் குறியீட்டை இன்னொரு நாட்டின் குறியீட்டோடு குழப்பிக்கொள்வது எளிது. அமெரிக்காவில் 1984-இல் கொண்டுவரப்பட்ட பிஜி-13 என்பது, 13 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் இருக்கலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் குறியீடே தவிர, எவரையும் வாசலில் தடுத்து நிறுத்துவதில்லை. அங்குள்ள ஆர் குறியீட்டின்படி 17 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோரோ வயதுவந்த பாதுகாவலரோ உடன் வந்தால் படம் பார்க்கலாம். பிரிட்டனிலோ 15 என்று குறிக்கப்பட்ட படத்திற்கு அந்த வயதை எட்டாதவர்களைத் தாய் தந்தையரே அழைத்து வந்தாலும் திரையரங்கில் அனுமதிப்பதில்லை. 12ஏ குறியீடு பெற்ற படத்தை மட்டும் 12 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் ஒருவரின் துணையோடு பார்க்கலாம். இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம், அதுவரை ஒரே பிரிவாக இருந்த யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது; ஏ சான்றிதழ் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே உரியது. ஜெர்மனியில் 12, 16, 18 என்ற படிநிலைகள் உள்ளன.

வாய்ப்புள்ளவர்கள் ஒரே படத்திற்கு இரண்டு மூன்று நாடுகள் தந்த குறியீடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் பயன்தரும். ஒவ்வொரு சமூகமும் எதற்கு அஞ்சுகிறது என்பது அந்த வேறுபாட்டில் தெரியவரும். 2015-இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஸ்பெக்டர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனில் 12ஏ குறியீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஒருவரின் கண்ணைத் தாக்கும் காட்சியும் ஒரு தற்கொலையைத் தொடர்ந்து தெரியும் இரத்தமும் குறைக்கப்பட்டன; இந்தியாவிலோ முத்தக் காட்சிகளின் நீளம் குறைக்கப்பட்டது. படம் ஒன்றுதான், கத்தரி விழுந்த இடங்கள் வேறு. உங்கள் கவலை எதுவோ அதற்கு நெருக்கமாக நிற்கும் தணிக்கை அமைப்பின் குறிப்பையே நீங்கள் அதிகம் நம்ப வேண்டும்.

சான்றிதழின் பெரிய குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் விதிகள் 12ஏ படங்களில் காயங்களுக்கும் இரத்தத்திற்கும் அழுத்தம் தரக்கூடாது என்கின்றன. 15 குறியீட்டுப் படங்களில் கடுமையான வன்முறை இருக்கலாம், ஆனால் வலியிலும் காயத்திலும் காட்சி லயித்து நிற்கக்கூடாது என்கின்றன. இளையோரையும் அரங்கிற்குள் கொண்டுவர விரும்பும் தயாரிப்பாளருக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைத்துவிடுகிறது: கொலைகளைக் குறைக்கத் தேவையில்லை, இரத்தத்தை மட்டும் துடைத்துவிட்டால் போதும். 2013-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அதிக வசூல் பெற்ற படங்களை ஆராய்ந்து, பிஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-ஐ ஒப்பிட மூன்று மடங்குக்கும் மேல் பெருகியிருப்பதைக் காட்டியது. அதாவது, குறியீட்டின் பெயர் மாறவில்லை என்பதால் அதன் உள்ளடக்கமும் மாறவில்லை என்று கொள்ள முடியாது. நாம் சிறுவயதில் அதே குறியீட்டோடு பார்த்த படங்களின் நினைவை வைத்து இன்றைய படத்தை எடைபோடுவது நம்மில் பலர் செய்யும் தவறு.

படி 2: பார்க்கும் முன் தகவல் திரட்டுதல்

குறியீட்டுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் காரண வாசகத்தைத் தவறாமல் படியுங்கள். 'மிதமான வன்முறை', 'கடுமையான வன்முறை', 'தொடர்ச்சியான அதிரடி', 'சித்திரவதைக் காட்சி', 'மனத்தைப் பாதிக்கும் படிமங்கள்' ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடப்படும் சொற்கள் அல்ல. பிரிட்டனின் தணிக்கை அமைப்பு தன் இணையதளத்தில் ஒவ்வொரு படத்திற்கும் வன்முறை, அச்சுறுத்தல், மொழி, பாலியல் என்று தனித்தனியாக விளக்கம் தருகிறது. 'காமன் சென்ஸ் மீடியா' என்ற அமைப்பு வயதுப் பரிந்துரையோடு பெற்றோர் கருத்தையும் பிள்ளைகளின் கருத்தையும் தனித்தனியே வெளியிடுகிறது. திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியின் பெற்றோர் வழிகாட்டிப் பகுதியில் பார்வையாளர்களே காட்சிகளை வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். இந்தக் கடைசி வகை பட்டியல்களில் ஒரு சிக்கல் உண்டு. காட்சியில் என்ன நடந்தது என்பது விரிவாக இருக்கும். அது எந்தத் தொனியில் நடந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. 'ஒருவர் கழுத்தில் குத்தப்படுகிறார்' என்ற வரி, நகைச்சுவையாக எடுக்கப்பட்ட காட்சிக்கும் உள்ளத்தை உலுக்கும் காட்சிக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முன்னோட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அது எல்லா வயதினரும் பார்க்கும் இடத்தில் ஓடுவதற்காகத் தொகுக்கப்பட்டது. கார் துரத்தலும் வெடிப்பும் இருக்கும், விசாரணை அறை இருக்காது.

படி 3: நீங்கள் முதலில் பாருங்கள், ஒரே மூச்சில் தீர்ப்பெழுத வேண்டாம்

ஐயமுள்ள படத்தைப் பிள்ளைக்கு முன்பாக நீங்கள் பார்த்துவிடுவதற்கு ஈடான வழி வேறில்லை. முழுப் படத்திற்கும் நேரமில்லை என்றால் திறப்புக் காட்சி, நடுவிலுள்ள பிடிபடல் அல்லது விசாரணைக் காட்சி, உச்சக்கட்டச் சண்டை, இறுதி ஐந்து நிமிடம் ஆகிய நான்கையாவது பாருங்கள். உளவாளிப் படங்களின் கட்டமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், மிகக் கடுமையான பகுதிகள் இந்த நான்கில் ஏதேனும் ஒன்றில் வந்துவிடும். இறுதிக் காட்சியை நான் வலியுறுத்தக் காரணம், நடந்த கொலைகளைப் பற்றிப் படம் என்ன நினைக்கிறது என்பது அங்கேதான் வெளிப்படும்.

பார்க்கும்போதே, ஒவ்வொரு வன்முறைக் காட்சியும் முடிந்தவுடன், 'இது எந்த வயதுக்கு ஏற்றது' என்று தாளின் இடப்பக்கம் ஒரு எண்ணை எழுதுங்கள். படம் முடிந்த பிறகு எழுதலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2014-இல் அதே 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், ஆயிரம் பெற்றோருக்குத் திரைப்படங்களின் வன்முறைக் காட்சிகளும் பாலியல் காட்சிகளும் அடுத்தடுத்துக் காட்டப்பட்டன. முதல் வன்முறைக் காட்சியைப் பார்த்தபோது ஏறத்தாழ 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே அது ஏற்றது என்றவர்கள், கடைசிக் காட்சிக்கு வரும்போது ஏறத்தாழ 14 வயது போதும் என்றார்கள். அவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்லர். சில நிமிடங்களில் மனம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். இரண்டு மணிநேரப் படத்தைப் பார்த்து முடித்த உங்களுக்கும் எனக்கும் அதுவே நேரும். முதல் காட்சிக்கு நீங்கள் எழுதிய எண்ணையும் கடைசிக் காட்சிக்கு எழுதிய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நீங்கள் எந்த அளவுக்குப் பழகிப்போனீர்கள் என்பது தெரியும். இரண்டும் வேறுபட்டால் முதலில் எழுதியதற்கே மதிப்புக் கொடுங்கள்.

படி 4: வன்முறையின் தன்மையை எடைபோடுதல்

மற்றப் படிகளை வேகமாகக் கடந்தாலும் இங்கே மட்டும் நேரம் செலவிடுங்கள்.

1990-களில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வு ஆயிரக்கணக்கான மணிநேர நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, எல்லா வன்முறையையும் ஒரே தட்டில் வைக்காமல், எந்தச் சூழலில் அது பார்ப்பவரைப் பாதிக்கும் என்று பிரித்துப் பார்த்தது. தாக்குபவர் கவர்ச்சியானவராகவும் போற்றத்தக்கவராகவும் இருப்பது, தாக்குதலுக்கு நியாயம் கற்பிக்கப்படுவது, தண்டனை இல்லாமல் போவது அல்லது பரிசு கிடைப்பது, அடிபட்டவரின் வலி காட்டப்படாமல் விடுவது, ஆயுதங்கள் கண்ணைக் கவரும்படி இடம்பெறுவது ஆகியவை பாதிப்பைக் கூட்டுகின்றன. வலியும் இழப்பும் காட்டப்படுவதும், தாக்குபவர் தண்டிக்கப்படுவதும் அதைக் குறைக்கின்றன. இந்தப் பட்டியலை ஓர் உளவாளி நாயகனோடு பொருத்திப் பாருங்கள். அழகன், நாட்டைக் காக்கிறான், கொல்வதற்கு அரசே உரிமம் தந்திருக்கிறது, கொன்றதற்காக அவன் எந்த நீதிமன்றத்திலும் நின்றதில்லை, ஆயுதம் ஒவ்வொன்றும் நகைக்கடைக் கண்ணாடிப் பேழையில் இருப்பதைப் போல அறிமுகமாகிறது. பாதிப்பைக் கூட்டும் கூறுகள் அனைத்தையும் தன் இலக்கணமாகவே கொண்ட திரைப்பட வகை இது.

'நியாயமான' வன்முறை பெற்றோரையும் ஏமாற்றுகிறது. படி 3-இல் சொன்ன 2014 ஆய்வின் தொடர்ச்சியாக 2018-இல் வந்த ஆய்வில், இரத்தம் நீக்கப்பட்ட துப்பாக்கிக் காட்சிகளைப் பார்த்த பெற்றோர், பாத்திரத்தின் செயல் நியாயமானதாகத் தோன்றியபோது அதை இன்னும் இளைய வயதினருக்கு ஏற்றதாகக் கருதினார்கள். எனவே ஒவ்வொரு காட்சியிலும் 'நாயகன் செய்தது சரியா' என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்.

இறந்தவருக்கு முகம் இருக்கிறதா? முகமூடி அணிந்த காவலாளிகள் வரிசையாக விழும்போது, படம் அவர்களை மனிதர்களாக எண்ணவில்லை என்று பொருள். ஒரு கொலைக்குப் பிறகு கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது? பின்னணி இசை அந்த நொடியில் என்ன செய்கிறது? கொன்றவுடன் நாயகன் ஒரு சிலேடை வசனம் பேசி அரங்கைச் சிரிக்க வைத்தால், அந்தச் சிரிப்புத்தான் பிள்ளையின் நினைவில் தங்கும். நாயகனின் கை நடுங்குகிறதா, உறக்கம் கெடுகிறதா, செய்ததை யாரிடமாவது ஒப்புக்கொள்கிறானா? இந்த வகைப் படங்களிலேயே சில, உளவுத்தொழில் ஒரு மனிதனை எப்படி உள்ளிருந்து தின்கிறது என்பதை நேர்மையாகக் காட்டுகின்றன. அவற்றில் இரத்தம் கூடுதலாக இருந்தாலும் 16 வயதுப் பிள்ளைக்கு அவற்றையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

அடுத்தது, காணும் செயலைப் பிள்ளை செய்து பார்க்க முடியுமா என்பது. ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பதை யாரும் வீட்டில் முயல்வதில்லை. கழுத்தைப் பின்னாலிருந்து முழங்கையால் இறுக்கி மயங்கச் செய்வதை விளையாட்டாக முயல்வார்கள். உளவாளிப் படங்களில் கழுத்து நெரிபட்டவர் சற்று உறங்கி எழுந்தவர்போல் எழுந்துகொள்கிறார்; உண்மையில் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டால் சில நிமிடங்களில் மீட்க முடியாத சேதமும் மரணமும் நேரும். தலையில் ஓர் அடி, பத்து நிமிட மயக்கம், பிறகு வழக்கம்போல் ஓட்டம் என்பதும் அப்படிப்பட்ட பொய்யே. அடிபட்டு நினைவிழப்பது மூளைக் காயத்தின் அறிகுறி. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நிலை. சமையல்கத்தி, பேனா, துண்டு என்று வீட்டுப் பொருள்களைக் கொண்டு நடக்கும் கைகலப்புக் காட்சிகளை, பெரிய வெடிப்புக் காட்சிகளைவிடக் கவனமாகப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

விசாரணை அறைக் காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உளவாளிப் படத்திற்கும் மற்ற அதிரடிப் படங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கோ குண்டு வெடிக்கப்போகிறது, கட்டப்பட்ட கைதியின் விரலை நாயகன் ஒடிக்கிறான், கைதி உண்மையைச் சொல்கிறான், நகரம் தப்புகிறது. இந்தக் காட்சி சித்திரவதை பலன் தரும் என்று கற்றுத் தருகிறது. அமெரிக்க செனட் சபையின் உளவுத்துறைக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டின் மத்திய உளவு முகமை (சிஐஏ) கையாண்ட கடும் விசாரணை முறைகள் தகவல் பெறுவதற்குப் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்று முடிவு கூறியது. சித்திரவதைக்கு எதிரான 1984-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, போர் உட்பட எந்த அசாதாரணச் சூழலையும் அதற்கு நியாயமாகக் காட்ட முடியாது என்கிறது. திரைக்கதை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 2006-இல், அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் கல்வித் தலைவராக இருந்த தளபதி ஒருவர், பயங்கரவாத எதிர்ப்பு உளவாளி ஒருவனைப் பற்றிய புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் படைப்பாளிகளை நேரில் சந்தித்து, அத்தொடர் தம் மாணவர்களின் எண்ணத்தைக் கெடுக்கிறது என்று முறையிட்டார். போர்ச் சட்டங்களை முறையாகக் கற்கும் இராணுவ மாணவர்களுக்கே அந்த நிலை என்றால், அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத பதினைந்து வயதினரைப் பற்றி நான் கவலைப்படுவதில் தவறில்லை என்றே கருதுகிறேன். நாயகன் சித்திரவதை செய்து வெற்றி பெறும் படத்தைப் பிள்ளை தனியாகப் பார்க்க நான் ஒப்புவதில்லை. உடனிருந்து பேச முடிந்தால் மட்டுமே அனுமதிக்கிறேன். நாயகன் சித்திரவதைக்கு உள்ளாகும் காட்சி வேறு வகை. அங்கே கேள்வி, பிள்ளை அதைத் தாங்குமா என்பது.

படி 5: வன்முறையின் நிழலில் மறைந்து நிற்பவை

துப்பாக்கிச் சத்தத்தில் கவனம் போய்விடுவதால் தப்பித்துக்கொள்ளும் சில கூறுகள் உண்டு. அவற்றில் முதன்மையானது பிடிபட்ட ஒற்றன் நச்சுக் குப்பியைக் கடித்து இறப்பது. இவ்வகைப் படங்களில் இது மிகச் சாதாரணமாக, சில நேரம் வீரமாகவே காட்டப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திரைப்பட, நாடகக் கலைஞர்களுக்கென வெளியிட்ட கையேடு, தற்கொலை முறையை விரிவாகக் காட்டுவதையும் அதை ஒரு தீர்வாகச் சித்திரிப்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் பிள்ளை மனச்சோர்வில் இருந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் அதற்கு எப்போதேனும் வந்திருந்தாலோ, மற்ற எல்லாக் கூறுகளும் சரியாக இருப்பினும் இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை ஒத்திப்போடலாம்.

பெண் பாத்திரங்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தகவலுக்காக ஒரு பெண்ணோடு நெருங்கி, அவள் கொல்லப்பட்டதும் அடுத்த காட்சியில் மறந்துவிடும் நாயகனைப் பற்றி மகனிடமும் மகளிடமும் பேச வேண்டியிருக்கும். எதிரி எந்த நாட்டவன், எந்த மதத்தவன், எந்த உச்சரிப்பில் பேசுகிறான் என்பது அதற்கடுத்த கேள்வி. ஒரு முழுச் சமூகத்தையும் ஐயத்திற்குரியதாகக் காட்டும் படத்தைப் பார்க்கும் பிள்ளையின் வகுப்பில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த நண்பன் இருக்கக்கூடும். அல்லது உங்கள் பிள்ளையே அச்சமூகத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். மது, புகை, கெட்ட வார்த்தை ஆகியவை குறியீட்டு விளக்கத்திலேயே வந்துவிடுவதால் அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை.

படி 6: தாளின் வலப்பக்கம், அதாவது உங்கள் பிள்ளை

வயது ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. விளைவுகளை எண்ணிப் பார்த்து உந்துதலைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. பரபரப்பையும் பரிசையும் நாடும் பகுதிகளோ பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே விழித்துக்கொள்கின்றன. 13 வயதினருக்கு இது கதை என்று நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அறிவு உடம்பின் அச்சத்தை அடக்கிவிடுவதில்லை. நாயகனே தவறு செய்கிறான், அரசே பொய் சொல்கிறது என்னும் சிக்கலான கதைகளை ஏறக்குறைய 15, 16 வயதில்தான் பிள்ளைகள் விவாதித்துச் சுவைப்பதை நான் கண்டிருக்கிறேன். 17 வயதில் தடை விதிப்பதைவிட உரையாடுவதே பொருள் உள்ளது.

இந்தப் பக்கத்தில் எழுத வேண்டியவை: இதுவரை எந்தக் காட்சிகள் பிள்ளையை உண்மையில் கலங்கச் செய்தன, உறக்கம் எப்படி இருக்கிறது, அண்மையில் குடும்பத்தில் மரணமோ விபத்தோ நேர்ந்ததா, போரையோ வன்முறையையோ நேரில் கண்ட பிள்ளையா, பள்ளியில் அடிதடியிலோ கொடுமைப்படுத்தலிலோ எந்தப் பக்கமாவது சிக்கியிருக்கிறதா, பார்த்ததைப் பிறகு உங்களிடம் பேசும் வழக்கம் உண்டா. கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருகிறேன். பேசுகிற பிள்ளை ஒரு கடினமான காட்சியை உங்கள் உதவியோடு செரித்துக்கொள்ளும். பேசாத பிள்ளை அதைத் தனியாகச் சுமக்கும்.

பிள்ளையை எது பாதிக்கும் என்று நாம் ஊகிப்பது பல முறை பிழையாகிறது. என் மகளுக்கு 13 வயதானபோது நாங்கள் சேர்ந்து பார்த்த ஒரு படத்தில் ஏராளமான துப்பாக்கிச் சண்டைகள் இருந்தன. அவற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உளவாளியின் வீட்டுக்குள் நள்ளிரவில் ஒருவன் ஓசையின்றி நுழைந்து, உறங்கும் குழந்தையின் கட்டிலருகே சிறிது நேரம் நிற்கும் காட்சி ஒன்று வந்தது. அதில் அடிதடி இல்லை, இரத்தம் இல்லை. என் தாளில் அதற்கு நான் எண்கூட எழுதவில்லை. அதன்பின் நான்கு இரவுகள் அவள் எழுந்து பின்கதவின் தாழ்ப்பாளைச் சோதித்துவிட்டு வந்து படுத்தாள். அன்றிலிருந்து வீடு, உறக்கம், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியவற்றைத் தொடும் அச்சுறுத்தல் காட்சிகளைத் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

படி 7: எங்கே, எப்போது, யாருடன்

அதே படம் திரையரங்கில் ஒரு விதமாகவும் வீட்டில் ஒரு விதமாகவும் பாதிக்கும். இருட்டு, பெருந்திரை, மார்பில் அதிரும் ஒலி ஆகியவை அச்சத்தைக் கூட்டுகின்றன. பாதியில் எழுந்து போக வெட்கப்படும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாலும் காதை மூட முடியாது. வீட்டில் நிறுத்தலாம், ஒலியைக் குறைக்கலாம், பேசலாம். முதன்முறையாகக் கடுமையான படம் ஒன்றைப் பார்ப்பது வீட்டில் நடப்பதே நல்லது. 13 முதல் 18 வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் தேவை என்பதால், இரவின் கடைசி நிகழ்ச்சியாக இதை வைக்காமல் பிற்பகலுக்கு மாற்றுங்கள்.

இளைய பிள்ளைகள் அறையில் இருக்கக் கூடாது என்பதில் நான் சற்றும் விட்டுக்கொடுப்பதில்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், படக்காட்சியில் துப்பாக்கியைப் பார்த்த 8 முதல் 12 வயதுக் குழந்தைகள், அக்காட்சிகள் நீக்கப்பட்ட வடிவத்தைப் பார்த்தவர்களைவிட, பிறகு அறையில் கண்டெடுத்த செயலிழக்கச் செய்யப்பட்ட உண்மைத் துப்பாக்கியை அதிக நேரம் கையில் வைத்திருந்தார்கள், அதிக முறை விசையை அழுத்தினார்கள். மூத்த பிள்ளைக்குத் தந்த அனுமதி, கதவிடுக்கு வழியே இளையதற்கும் போய்விடக் கூடாது.

படி 8: முடிவெடுத்து அதைச் சொல்லுதல்

இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்தால் விடை பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டோடு முடியாது. 'என்னோடு சேர்ந்து பார்க்கலாம்', 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்', 'இந்தக் காட்சியைத் தாண்டிவிட்டுப் பார்க்கலாம்' ஆகியவையும் முடிவுகளே. காட்சியைத் தாண்டுவதாக இருந்தால் ஏன் தாண்டுகிறோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தாண்டினால் பிள்ளை பிறகு கைப்பேசியில் அந்த ஒரு காட்சியை மட்டும் தேடி, முன்னும் பின்னும் இல்லாமல் பார்க்கும். அது முழுப் படத்தைப் பார்ப்பதைவிடக் கெடுதல்.

மறுப்பதாக இருந்தால் பிள்ளையின் பக்குவத்தைக் குறை சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேசுங்கள். "உனக்கு இன்னும் வயசாகலை" என்பது வாக்குவாதத்தின் தொடக்கம். "நான் பார்த்தேன், ஒருத்தனைக் கட்டிப்போட்டு அடிக்கிற காட்சி எட்டு நிமிஷம் வருது, அதை இந்தப் படம் வெற்றியா கொண்டாடுது, எனக்கு அது சரியாப் படலை, ஆறு மாசம் கழிச்சு மறுபடி பேசலாம்" என்பது, பிள்ளை ஏற்காவிட்டாலும் எதிர்வாதம் செய்யத்தக்க ஒரு காரணம். அந்த எதிர்வாதத்தை முழுமையாகக் கேளுங்கள். ஒருமுறை என் மகள், நான் சொன்ன காட்சியில் கைதி பொய்த் தகவல்தான் தருகிறான், அதனால்தான் பிற்பாதி முழுவதும் பிழையாகப் போகிறது என்று தன் தோழி சொன்னதைச் சொன்னாள். திரும்பப் பார்த்தேன், உண்மைதான், நான் கவனிக்கத் தவறியிருந்தேன். முடிவை மாற்றிக்கொண்டேன்.

படி 9: பார்க்கும்போதும் பார்த்த பின்னும்

படம் ஓடும்போது ஓயாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது இருவருக்கும் எரிச்சல் தரும். முடிந்ததும் உடனே பாடம் நடத்தவும் வேண்டாம். உணவருந்தும்போதோ மறுநாள் நடந்து போகும்போதோ ஒன்றிரண்டு கேள்விகள் போதும்: "அந்தக் காவலாளி வீட்டுக்குப் போகாததை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?", "அவனிடம் பேசிப் பார்க்க ஒரு வாய்ப்பு இருந்ததா?", "நீ அந்த அதிகாரியாக இருந்தால் அந்த உத்தரவைக் கொடுத்திருப்பாயா?". சண்டை எப்படிப் படமாக்கப்பட்டது, அடி உண்மையில் எவ்வளவு தூரத்தில் விழுந்தது, ஸ்டன்ட் கலைஞர்கள் எத்தனை வாரம் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று பேசுவதும் உதவும். காட்சியின் பிடி தளரும்.

அடுத்த ஒரு வாரம் கவனித்துக்கொண்டே இருங்கள். உறக்கக் குலைவு, இருட்டுக்கு அஞ்சுதல், வழக்கத்துக்கு மாறான எரிச்சல், குறிப்பிட்ட காட்சியைத் திரும்பத் திரும்பப் பேசுதல் அல்லது அதைப் பற்றிய பேச்சையே தவிர்த்தல், தம்பி தங்கையிடம் கழுத்துப் பிடி போன்ற விளையாட்டுகளைக் காட்டுதல் ஆகியவை தென்பட்டால், அந்தப் படம் இப்போதைக்கு அதிகமாகிவிட்டது என்று பொருள். கண்டிக்க வேண்டாம், "அனுமதித்தது நான், கணிப்புத் தவறியது என்னுடையது" என்று சொல்லிவிட்டு, அந்தக் காட்சியைப் பற்றிப் பேச இடம் கொடுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தும் அறிகுறிகள் குறையவில்லை என்றால் மருத்துவரையோ உளவள ஆலோசகரையோ அணுகுங்கள். அந்நிலையில் படம் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளிருந்த வேறொரு துயரத்தைத் தொட்டிருக்கும்.

குறிப்புகள் எழுதிய தாளைத் தூக்கி எறிய வேண்டாம். பிள்ளைக்கு எந்தக் காட்சி உண்மையில் உறுத்தியது என்பதை உங்கள் எண்களுக்கு அருகிலேயே எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இளைய பிள்ளை அதே படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்போது இடப்பக்கம் ஆயத்தமாக இருக்கும். வலப்பக்கத்தை மட்டும் மடித்துவிட்டு, வெற்றுத் தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும்.